டாங்கி இருந்தும் ஏன் நகர முடியவில்லை?

மிதிவெடி அகற்றும் வேலையில் இருப்பவன் என்று தெரிந்தால் போதும், வெள்ளவத்தையில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது கேட்டுவிடுவார்கள்: "என்ன தம்பி, இவ்வளவு டாங்கி குடுத்தும் 2023இல உக்ரைன் ஏன் முன்னுக்குப் போகேல்லை?" எல்லாரும் யூடியூப்பில் ஆயுதக் கணக்குப் பார்த்துவிட்டு வருபவர்கள். எனக்கு அந்தக் கணக்கில் அக்கறையில்லை. மிதிவெடி வயலில் பாதை யார் திறந்தது, அவருக்கு மேலே வானத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் பார்ப்பேன்.

காலாட்படை, டாங்கி, ஆட்லறி, பொறியியல் பிரிவு, வான்படை எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேலை செய்வதுதான் கூட்டுத் தாக்குதல். ஒன்று பிந்தினாலும் மற்றவை நடுவழியில் நிற்கும்.

2023 ஜூனில் உக்ரைனின் தென்கிழக்கில், ஒரிகிவ் நகருக்குத் தெற்கே அதுதான் நடந்தது. முன்னால் போன பாதை திறக்கும் வாகனம் அடிபட்டதும் பின்னால் வந்த லெப்பர்ட் டாங்கிகளும் காலாட்படையை ஏற்றிவந்த பிராட்லி கவச வாகனங்களும் விலகப் பார்த்தன. விலகிய இடமெல்லாம் மிதிவெடி. டாங்கிக்கென்றே புதைக்கும் ஒரு டிஎம்-62 மிதிவெடிக்குள் சுமார் 7 கிலோ வெடிமருந்து. டாங்கி ஓடும் சங்கிலியை அறுக்க அது தாராளம். நின்ற வாகனங்களை ட்ரோன் காட்டிக் கொடுக்க, ரஷ்ய ஆட்லறியும் சில கிலோமீற்றர் தள்ளி நின்ற கேஏ-52 தாக்குதல் ஹெலிகொப்டர்களும் அடித்தன.

ரொக்கெட் இழுத்துப்போய்ப் போடும் வெடிச்சரம் ஒருமுறைக்குச் சுமார் 100 மீற்றர் நீளப் பாதைதான் திறக்கும். ரஷ்யர்களோ சில இடங்களில் முன்னிருந்து பின்னாக 500 மீற்றர் தூரத்துக்கு மிதிவெடி விதைத்திருந்தார்கள்.

இலங்கையின் வடக்கே முகமாலையில் நாங்கள் மண்டியிட்டு, உலோகம் குறைந்த மிதிவெடியை டிடெக்டர் தவறவிடக்கூடும் என்று இரும்பு வாரியால் மண்ணைச் சுரண்டுவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளில் சில சதுர மீற்றர்தான். வாகனங்களால் முடியாமல் போனபின் உக்ரைன் பொறியியல் வீரர்கள் இதே வேலையை ஷெல்லடிக்குள் தவழ்ந்து செய்தார்கள். ரொபோத்தினே என்ற சிறு கிராமத்தைப் பிடிக்கவே ஆகஸ்ட் கடைசியாகிவிட்டது.

பயிற்சி போதவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி. ஆனால் 1991இல் ஈராக்கியத் தடைகளை உடைத்த அமெரிக்கர்கள், அதற்குமுன் ஒரு மாதத்துக்கு மேல் வானிலிருந்து குண்டு போட்டிருந்தார்கள். அந்த வசதி உக்ரைனுக்கு இருக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. திறந்த பாதையிலேயே ரஷ்யர்கள் தூரத்திலிருந்து மறுபடி மிதிவெடி தூவினார்கள். திரும்பவும் ஆள் அனுப்ப வேண்டும், பாதை திறக்கும் வாகனம் மிச்சமிருந்தால்.