கிருமி இல்லாத வலி: ஆண்களின் இடுப்புக்கூட்டில் நாள்பட்டுத் தங்கும் வேதனை

அடிவயிற்றிலோ, விதைப்பையிலோ, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியிலோ எழும் வலி, கடந்த 6 மாதங்களில் 3 மாதங்களுக்குக் குறையாமல் இருந்திருந்தால் அதை நாள்பட்ட இடுப்புக்கூட்டு வலி என்கிறோம். சிறுநீர் கழிக்கும்போதும் விந்து வெளியேறும்போதும் எரிச்சல் கூடுவதால், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் கிருமி புகுந்துவிட்டதாக முடிவுகட்டி, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைகூடச் செய்யாமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்கிவிட்டு வருபவர்களை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் அடிக்கடி பார்க்கிறேன். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் புராஸ்டேட் அழற்சி என்று பெயரிடப்படும் தொல்லைகளில் 10க்கு ஏறக்குறைய 9இல் கிருமியே காணப்படுவதில்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? பலருக்கு, சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் ஓயாமல் இறுகிக் கிடப்பதே முக்கியக் காரணம். என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு லாரி ஓட்டும் ஒருவர், நாற்காலியில் நேராக உட்கார முடியாமல் ஒரு பக்கத்துப் பிட்டத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டே பேசினார். பரிசோதனையில் அந்தத் தசையை விரலால் மெல்ல அழுத்தியதும், "இதே வலிதான் டாக்டர்" என்றார். நெடுநேரம் உட்கார்ந்திருத்தல், சிறுநீரை அடக்கி வைத்தல், மலச்சிக்கலால் முக்குதல் ஆகிய மூன்றும் அவரிடம் ஒருசேர இருந்தன. இத்தகையோர், வலைத்தளத்தில் படித்துவிட்டு இடுப்புத்தளத்தை இறுக்கும் பயிற்சிகளைத் தாமாகவே செய்தால் வலி கூடவே செய்யும். அவர்களுக்குத் தேவை, தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட்.

முன்பு உண்மையான சிறுநீர்த்தொற்று வந்தவர்கள், குடலிறக்க அறுவைசிகிச்சையோ குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சையோ செய்துகொண்டவர்கள், எரிச்சல் கொண்ட குடல்நோய் உள்ளவர்கள் ஆகியோரிடமும் இவ்வலி காணப்படுகிறது. மனக்கவலையும் மனச்சோர்வும் இதனோடு நெருங்கிய தொடர்புடையவை. வலி கற்பனை என்று இதற்குப் பொருளில்லை. கவலை தசையை இறுக்குகிறது, நரம்புகளின் உணர்திறனைக் கூட்டுகிறது, தூக்கத்தைக் கெடுக்கிறது. புற்றுநோயோ, ஆண்மை போய்விடுமோ என்று மனைவியிடம்கூடச் சொல்லாமல் அஞ்சிக் கிடப்பவர்களுக்கு அந்த அச்சமே வலியை வளர்க்கிறது. மதுவும், காப்பியும், மிகுந்த காரமும் சிலருக்கு மட்டும் வலியைத் தூண்டும். எல்லோரும் குழம்பை விலக்க வேண்டியதில்லை.

டர்பன் அமைந்துள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். சிறுவயதில் ஆற்றில் குளித்தவர்களுக்குப் பில்ஹார்சியா ஒட்டுண்ணி சிறுநீர்ப்பையைத் தாக்கியிருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. சிறுநீரில் இரத்தம், குளிர்காய்ச்சல், சிறுநீர் அடைப்பு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். விதைப்பையில் திடீரெனக் கடும் வலி வந்தால், விதை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். விடியட்டும் என்றிராமல் அந்த மணிநேரத்திலேயே மருத்துவமனையை அடைய வேண்டும்.