ப்ரொப்பெல்லரை நிறுத்திவிடாதீர்கள்

விமானங்களைப் படம் எடுக்கப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள் என்பதைத்தான். வேகமாகப் போகிற பொருளாயிற்றே, ஷட்டரும் வேகமாக இருக்க வேண்டும் என்று 1/2000 நொடியில் வைத்து எடுத்துவிட்டு, "படம் கூர்மையாத்தான் இருக்கு, ஆனா என்னவோ குறையுது" என்று கொண்டுவந்து காட்டுவார்கள். வேறொன்றும் இல்லை, ப்ரொப்பெல்லர் அசையாமல் நிற்கிறது. எஞ்சின் அணைந்துபோன விமானத்தை யாரோ நூல் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும் அந்தப் படம்.

கணக்கு எளிதுதான். சின்ன பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 40 சுற்று. 1/2000 நொடியில் அது 7 டிகிரிதான் நகரும். 1/125-இல் சுமார் 115 டிகிரி நகர்ந்துவிடும், இரண்டு பிளேடு இருந்தால் வட்டத்தில் பாதிக்கு மேல் மெல்லிய புகை படர்ந்த மாதிரி நிறைந்துவிடும். 1/60-க்குப் போனால் முழு வட்டமே கிடைக்கும். செல்போனில் பிளேடு அரிவாள் மாதிரி வளைந்து தெரிவது வேறு விஷயம், சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவு செய்வதால் வருவது. ஜெட் விமானத்துக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை, 1/1000 வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் குறைத்தால் விமானமும் சேர்ந்து கலங்கிவிடாதா என்பீர்கள். கலங்கும், அதற்குத்தான் பேனிங். எந்த இடத்தில் எடுக்கப் போகிறோமோ அந்தத் திசைக்குக் கால்களை ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் விமானம் வரும் பக்கம் திருப்பி, தூரத்தில் வரும்போதே லென்ஸில் பிடித்து அதன் கூடவே வர வேண்டும். பட்டனை அழுத்திய பிறகும் கை நிற்கக் கூடாது. நூறு எடுத்தால் நாலைந்துதான் தேறும், எனக்கும் அப்படித்தான். ஆனால் தேறுகிற படத்தைப் பார்க்க வேண்டும்! பின்னால் மரங்கள் பச்சைக் கோடுகளாக ஓட, மூக்கில் ஒரு வெளிச்சத் தட்டு சுழல, எஞ்சின் மூடியின் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அதன் இடுக்கிலிருந்து கசிந்து பின்னோக்கி இழுபட்டுக் காய்ந்த எண்ணெய்க் கோடுகூடத் தெரியும்.

அந்தக் கோட்டை அழித்துக் கொடுங்கள், அழுக்காக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அழித்துக் கொடுத்தேன், இன்றுவரை அதில் எனக்கு வருத்தம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத காற்று அந்த உடம்பின் மேல் எந்த வழியாக ஓடுகிறது என்பதை வரைந்து காட்டியது அந்த எண்ணெய்தானே.

ஓவியர்கள் இதையெல்லாம் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். லூயி பிளெரியோ 1909-இல் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தார். அவருக்கு மரியாதையாக ராபர்ட் டெலோனே 1914-இல் வரைந்த ஓவியத்தில் விமானத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், கண்ணை நிறைப்பது சுழலும் வண்ண வட்டங்கள். 1903 டிசம்பர் 17 அன்று எடுத்த ரைட் சகோதரர்களின் முதல் பறப்புப் படத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஆர்வில் தானே ஸ்டாண்டில் நிறுத்திவைத்துவிட்டுப் போன கேமராவை அழுத்தியவர், அங்கே உதவிக்கு வந்திருந்த ஜான் டேனியல்ஸ். அந்தப் பறப்பு மொத்தமே 12 நொடி, 120 அடி. விமானம் மணலை விட்டுக் கொஞ்சம்தான் எழும்பியிருக்கிறது. இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்த வில்பர், கை விடுபட்டு வலப்பக்கம் தனியாக நிற்கிறார். பறக்கிறது என்று நம்மை நம்பவைப்பது அவர்தான்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததற்கான முக்கியமான காரணம். படத்தில் நாம் ஆசைப்படுகிற அந்தப் புகைவட்டம் தரையில், பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எஞ்சின் ஓடும் விமானத்தின் அருகே நின்று எடுப்பதாக இருந்தால், அனுமதி வாங்கியிருந்தாலும், வியூஃபைண்டரில் கண் வைத்துக்கொண்டு ஓரடிகூட நகராதீர்கள், முன்னாலும் சரி, பின்னாலும் சரி. நின்றிருக்கும் ப்ரொப்பெல்லரில் கை வைத்து போஸ் கொடுப்பதும் வேண்டாம். பிஸ்டன் எஞ்சினில் தீப்பொறி தருகிற மேக்னெட்டோவுக்கு பேட்டரி தேவையில்லை. அது சரியாக அணைக்கப்படாமல் இருந்தால், பிளேடைக் கையால் லேசாகத் திருப்பினாலே எஞ்சின் உதைத்துக்கொண்டு சுற்றிவிடும்.

நான் படம் எடுக்கும்போது என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின்னால் நிற்பார். ஒரு நாள் சாயங்காலம், வெயில் சரிந்து பிளேடுகளின் வட்டம் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் நெருக்கமாக வந்தால் நன்றாயிருக்குமே என்று காலை எடுத்து வைத்தேன். பெல்ட் பின்னால் இழுபட்டது. கேமராவை இறக்கிப் பார்த்தேன், நான் நினைத்திருந்ததைவிட ரொம்பப் பக்கத்தில் இருந்தது.