பாதி மைதானத்தைத் தூக்கும் எண்ணெய்

“கால்பந்து மைதானத்தில் டென்னிஸ் நடந்ததாமே, புல்லை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எங்கும் கொண்டுபோகவில்லை. மைதானத்தின் ஒரு பாதியைத் தூக்கி, மறுபாதியின் தலைமேல் ஏற்றிவிட்டார்கள்.

பிரான்சின் லீல் நகரை ஒட்டியிருக்கும் பியேர் மொருவா அரங்கம் 2012இல் திறக்கப்பட்டது. நாடுகள் மோதும் டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையின் இறுதிப்போட்டி 2014, 2017, 2018 என மூன்று முறை அங்கே நடந்தது. 2014இல் கடைசி நாளன்று வந்தவர்கள் 27,448 பேர். அதுவரை எந்த டேவிஸ் கோப்பைப் போட்டிக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. முழு மைதானத்தின் நடுவே டென்னிஸ் ஆடினால் தொலைவில் இருப்பவர்களுக்குப் பந்து கண்ணில் படாது. அதனால் வடக்குப் பாதியை உயர்த்தி, தெற்குப் பாதிக்கு மேலே நகர்த்துகிறார்கள். அடியில் ஒளிந்திருந்த அரங்கு வெளியே தெரிகிறது. கூரையையும் மூடிவிட்டால் காற்று, மழைத் தொல்லை இல்லை.

நகரும் பாதியின் எடை சுமார் 4,500 டன். ஏறக்குறைய ஆயிரம் யானைகள்!

தூக்குவது எண்ணெய்தான். பஞ்சர் கடையில் பையன் ஒரு கையால் ஜாக்கியை அடிக்க, கார் அங்குலம் அங்குலமாக எழுவதைப் பார்த்திருப்பீர்கள். பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்தோம்: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ராலிக் இயந்திரங்களில் இது சாதாரணம். 4,500 டன்னைத் தூக்க எல்லா உருளைகளின் பரப்பும் சேர்ந்து இரண்டேகால் சதுர மீட்டர் இருந்தால் போதும். ஓர் இரட்டைக் கட்டிலின் அளவு.

என்னை மயக்குவது இதுவல்ல, சமமாகத் தூக்குவது. எல்லா ஜாக்கிகளையும் ஒரே குழாயில் இணைத்தால் என்ன ஆகும்? எண்ணெய் சோம்பேறி. எதிர்ப்பு குறைந்த பக்கமே ஓடும். பாரம் குறைந்த மூலை முதலில் எழும், தளம் சாயும். சப்பரம் தூக்குபவர்களுக்கு இது தெரியும். ஒருவர் தோளை முந்தி உயர்த்தினால் பாரம் அவர் மேலேயே இறங்கும். அதனால்தான் ஒருவர் குரல் கொடுக்க, எல்லோரும் சேர்ந்து எழுகிறார்கள். இத்தகைய பெரிய தூக்கல்களில் அந்தக் குரல் கணினியுடையது. உணரிகள் ஒவ்வொரு ஜாக்கியின் உயரத்தையும் மில்லிமீட்டர் கணக்கில் சொல்ல, முந்துகிற ஜாக்கிக்கு வால்வு எண்ணெயைக் குறைக்கிறது.

எண்ணெயில் தூசி சேர்ந்தால் அந்த வால்வு சிக்கிக்கொள்ளும். நம் ஊரில் புதுப் பொக்லைனுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறோம், கட்டட்டும். எண்ணெய் வடிகட்டியை மாற்ற மறந்துவிட்டுப் பிறகு கண்ணேறு என்பதுதான் எரிச்சலூட்டுகிறது.

2014இல் பிரான்ஸும் சுவிட்சர்லாந்தும் மோதிய இறுதிப்போட்டிக்கு உள்ளே களிமண் தரை போட்டார்கள்; பெயர்தான் களிமண், உண்மையில் இடித்த செங்கல் பொடி. தரையைத் தேர்ந்தெடுப்பது சொந்த மண்ணில் ஆடுபவரின் உரிமை. முந்தைய வாரம் வரை கடினத் தரையில் ஆடிவிட்டு, முதுகுவலியோடு வந்த சுவிட்சர்லாந்து வீரர் ஃபெடரரை அது தடுமாறச் செய்யும் என்று பிரான்ஸ் எதிர்பார்த்தது. முதல் நாள் தடுமாறினார். மூன்றாம் நாள் பிரான்சின் காஸ்கேவை நேர் செட்களில் வீழ்த்தினார். சுவிட்சர்லாந்துக்கு முதல் டேவிஸ் கோப்பை.