மழை மாதங்களில் ஸ்பிரே கேனை ஒதுக்கி வையுங்கள்

படைவீரர் சிறுவுருவங்களை ஒட்டிச் சேர்த்து வர்ணம் பூசுபவர்களுக்கு இலங்கை மலையகத்தில் ஒரு சங்கடம் உண்டு. பனிமூட்டத்தில் வெளியே நின்று பிரைமரை, அதாவது வர்ணத்துக்கு முந்திய அடிப்பூச்சை, ஸ்பிரேயால் அடித்தால் வர்ணம் கெடும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே அடித்தால் நுரையீரல் கெடும். மழை மாதங்களில் ஸ்பிரேயையே விட்டுவிட்டு, தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமருக்கு மாறுவதுதான் சரியான வழி.

கேனிலிருந்து வாயு விரிந்து வெளியேறும்போது குளிர்கிறது. அது படும் உருவமும் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. பிரைமர் சொரசொரப்பாவதும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெளுத்துப் போவதும் இதனால்தான். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்காதீர்கள். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜூன், ஜூலை முழுக்க நனைந்திருக்கும்போது பண்டாரவளை காய்ந்திருக்கும். ஆகவே ஒருவருடைய நாட்காட்டி இன்னொருவருக்குப் பொருந்தாது.

காய்ந்த நாளிலும் திறந்த வெளியில், 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி நின்று அடியுங்கள். கேன் குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்தால் போதும். அடுப்பருகே வைத்துச் சூடாக்கவே கூடாது. உள்ளிருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் போன்ற எரிவாயு. காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான சிறிய லயன் அறையில் விறகடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ எட்ட அதிக நேரம் எடுக்காது.

தூரிகைப் பிரைமருக்கு முன், சவர்க்கார நீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் உருவத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் வர்ணம் உரியும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே ஓர் இரவு இடைவெளி. பொறுமைக்குப் பலன் உண்டு: 1803இல் கண்டிக்கு வந்த பிரித்தானிய 19ஆம் காலாட்படைச் சிப்பாயின் பச்சைக் கழுத்துப்பட்டியையும் கைமடிப்பையும் மெல்லிய பூச்சில்தான் கூர்மையாகக் காட்ட முடியும். சாதாரணச் சிப்பாயின் சட்டைச் சிவப்பு சற்று மங்கிய செங்கல் நிறம். அதிகாரியினதுதான் பளிச்சென்ற சிவப்பு. சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளை கலந்தால் ரோஸ் நிறமாகிவிடும், செம்மஞ்சள் கலவுங்கள்.

இனி ஈயம். பழைய உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். கனமாகவும் மென்மையாகவும் இருந்து, தாளில் தேய்த்தால் சாம்பல் கோடு விழுந்தால் ஈயம் என்றே எண்ணிக் கையாளுங்கள். அரம் போடும்போது ஈரத் துணியை விரித்து, நனைத்து நனைத்துத் தேயுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலை வேண்டாம். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் மிக ஆபத்தானது. ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை.

ஈய உருவத்தைப் புதிய மர அலுமாரியில் பூட்டி வைத்தால், மரத்திலிருந்து வரும் அமில ஆவியும் நம் ஊர் ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரிக்கும். வெள்ளைத் தூள் தெரிந்தால் ஊதாதீர்கள், நஞ்சு. ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். காட்சிக்கு வைக்குமுன் பாதத்தின் அடிப்பக்கம் உட்பட முழுதும் பிரைமர் பூசி, கண்ணாடிப் பெட்டியில் வைப்பது நல்லது.

ரெசின் என்னும் பிசினில் வார்த்த உருவங்களையும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். அந்தத் தூளுக்குத் துணி மாஸ்க் போதாது, நுண்தூசியை வடிகட்டும் என்95 மாஸ்க் தேவை.

குளிரில் ஸ்வெட்டர் போட்டபடி ஒட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். சுப்பர் குளூ பருத்தியிலோ கம்பளியிலோ கொட்டினால் சட்டென்று சூடாகித் தோலைச் சுடும். கையை மடித்துவிட்டு ஒட்டுங்கள். சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள். எண்ணெய் வர்ணம் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை விரித்து வெளியே காயவிடுங்கள், மழையென்றால் தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டின்னில் போடுங்கள்.