ஸ்மார்ட் போர்டு சரி, பிள்ளைக்குப் புரிந்ததா?

பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சியைப் பார்வையிடப் போனால் நான் உட்காருவது கடைசி பெஞ்சில்தான். அங்கிருந்து அடிக்கடி பார்ப்பது இது: ஒளிச்சேர்க்கை பாடம், திரையில் பத்து வரி, பயிற்சி ஆசிரியை அந்தப் பத்து வரியையும் அப்படியே வாசிக்கிறார், பிள்ளைகளோ அவர் குரல் ஒரு வரியில் இருக்க கண் வேறு வரியில் ஓட, கொஞ்ச நேரத்தில் இரண்டையும் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்கள். கடைசியில் "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது மிஸ்!" என்று வகுப்பே ராகம் போடும்.

இதே ஆசிரியை உளவியல் தாளில், பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். படிப்பிலேயே உளவியல் ஒரு தாள், கணினி ஒரு தனி ரெக்கார்டு நோட்டு. இரண்டும் எங்கேயும் சந்திப்பதில்லை. 2015-ல் பி.எட். இரண்டு வருடமான பிறகும் இது பெரிதாக மாறவில்லை என்பது என் கருத்து.

கற்கும்போது மனதில் ஏறும் சுமையைப் பற்றி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-ல் எழுதியதைப் பரீட்சைக்கு மட்டும் படித்தால் போதாது. ஒரு நேரத்தில் மனம் ஏந்தக்கூடியது கொஞ்சம்தான். ஒரே வாசகத்தைத் திரையிலும் குரலிலும் சேர்த்துக் கொடுத்தால் அதுவே சுமை. இலையின் படத்தை மட்டும் வைத்துவிட்டு வாயால் விளக்குங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி கேட்பதும் அப்படித்தான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களிலேயே காட்டினார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். (அந்த மூன்று நொடி, முன்னால் நிற்பவருக்கு ஒரு யுகம்!)

தொழில்நுட்பம் உதவவேண்டிய இடமே இதுதான். பிளிக்கர்ஸ் என்று ஒரு செயலி. ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, ஆசிரியரிடம் மட்டும் ஒரு போன். "மரம் இவ்வளவு கனமாக வளர்கிறதே, அந்தக் கனத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டு நான்கு விடை கொடுங்கள். பிள்ளைகள் அட்டையைத் தங்கள் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிப்பார்கள், போன் கேமராவைக் காட்டினால் யார் எந்த விடை என்று செயலி சொல்லிவிடும். ஒவ்வொரு அட்டையும் வேறுமாதிரி என்பதால் பக்கத்தில் எட்டிப்பார்த்தும் பயனில்லை. பாதி வகுப்பு "மண்" என்று பிடித்தால், காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் அவர்களுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். "புரிஞ்சுது மிஸ்"ஸில் இது தெரியவே தெரியாது.

பாடப்புத்தகத்து க்யூஆர் கோடு வீடியோவையும் முழுசாக ஓடவிடாதீர்கள். பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேளுங்கள். பாடக்குறிப்பில் "துணைக்கருவி: வீடியோ" என்று மட்டும் எழுதிவந்தால் நான் கையெழுத்துப் போடுவதில்லை, எந்த நிமிடத்தில் நிறுத்துவீர்கள், என்ன கேட்பீர்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள், அதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.