கொறங்காட்டை மீட்பது எப்படி?

சீர்கெட்ட நிலத்தை மீட்பது என்றால் மரக்கன்று நடுவது என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் சூழல் மீட்டெடுப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நிலம் தானாகத் தேறவிடாமல் எது தடுக்கிறது என்பதே. காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களை எடுத்துக்கொண்டால் இக்கேள்வியின் பொருள் நன்கு விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள இம்மேய்ச்சல் நிலங்களில், தரையெங்கும் கொழுக்கட்டைப்புல்லும், இடையிடையே வெள்வேல மரங்களும், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலியும் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குகின்றன. நன்றாகப் பேணப்பட்ட கொறங்காடு ஒன்று அருகில் இருந்தால், மீட்க வேண்டிய நிலத்துக்கு அதையே மாதிரியாகக் கொள்ளலாம். மாதிரியைப் பாராமல் நெருக்கமாக மரம் வைத்தால், நிழலில் புல் நலிந்து, மேய்ச்சல் நிலம் என்பதே இல்லாமல் போகும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகளில் இதை முதலாவதாகச் சொல்வேன்.

கொழுக்கட்டைப்புல் பல்லாண்டுப் பயிர். மாடு கடித்த பின், தூரிலும் (புல்லின் அடிக்கட்டு) வேரிலும் சேமித்த உணவைக் கொண்டு அது மீண்டும் துளிர்க்கிறது. துளிர்த்த இலைகள் சேமிப்பை ஈடுசெய்வதற்குள் மறுபடியும் கடிபட்டால் வேர் சுருங்குகிறது. இது தொடர்ந்தால் தூர் செத்து, அந்த இடத்தை ஓராண்டுப் பூண்டுகள் பிடித்துக்கொள்கின்றன. காட்டைப் பல பகுதிகளாக வேலியிட்டு மாற்றி மாற்றி மேய்த்த பழைய வழக்கம் புல்லுக்கு இந்த ஓய்வைத் தந்தது. உயிருள்ள தூர்கள் மிஞ்சியிருக்கும்வரை, மேய்ச்சலை நிறுத்தி மழைக்குக் காத்திருப்பதே போதுமான சிகிச்சை, செலவும் குறைவு.

தூர்கள் அழிந்து, மேல்மண் இறுகி, பெய்யும் மழை உள்ளே இறங்காமல் ஓடிவிடும் நிலைக்கு வந்துவிட்டால் ஓய்வு மட்டும் பயன் தராது. சரிவுக்குக் குறுக்கே வரப்பெடுத்து நீரை நிறுத்தி, லேசாகக் கீறி, வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைக்க வேண்டும். அறுத்த உடனே விதைத்தால் கொழுக்கட்டைப்புல் விதை சரியாக முளைக்காது. சில மாதங்கள் வைத்திருந்து, முளைக்காமல் கிடக்கும் விதையின் உறக்கம் தெளிந்த பின் மேலோட்டமாகத் தூவ வேண்டும். கிளுவைக்கு விதையே தேவையில்லை, போத்து (வெட்டிய கிளைத்துண்டு) நட்டாலே வேலி எழுந்துவிடும்.

சீமைக் கருவேலம் புகுந்த இடத்தில் வேலை கடினமானது. தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாக மீண்டும் தழைக்கும். தரைக்குக் கீழே உள்ள முளைமொட்டுகளோடு சேர்த்துத் தோண்டியெடுக்க வேண்டும். அதன் காய்களைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடு விதைகள் பரவி, மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், ஒருமுறை பொக்லைன் விட்டதோடு வேலை தீராது.

நொய்யல் ஆற்றின் கரையோரம் தடை வேறு வகையானது. சாயக்கழிவின் சோடியம் உப்பு களித்துகள்களைப் பிரித்துச் சிதறடிப்பதால், நுண்துளைகள் அடைபட்டு மண் இறுகுகிறது. ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய சோடியத்தை வேர்மண்டலத்துக்குக் கீழே கழுவ நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். கழிவு வரவை நிறுத்தாமல் ஜிப்சம் இடுவது வீண் செலவு. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதை இந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

நிலம் தேறுகிறதா என்று அறிய, ஆண்டுதோறும் சித்திரையில் அதே இடங்களில் வெறுந்தரையின் பங்கை அளப்பது எளிய வழி. முதல் மழைக்கு எழும் பசுமையை நம்புவது அவசரம். கோடையிலும் மண்ணைப் பிடித்து நிற்கும் பல்லாண்டுத் தூர்களே கணக்கு. புல் நிலைத்து, விதை உதிர்த்த பின் மாடுகளை அளவோடு திரும்ப விட வேண்டும். மேய்ச்சலே இல்லாவிட்டால் காய்ந்த தாள்கள் சேர்ந்து புதுத் துளிர்களை மூடிவிடும். வருமானம் தராத காட்டை மனையாகப் பிரித்து விற்கும் எண்ணமும் உரிமையாளருக்கு வந்துவிடும்.