லெஜண்ட்: பழங்கதையா, ஜாம்பவானா?

'லெஜண்ட்' என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் ஆளைத்தான். தன் துறையில் எட்ட முடியாத உயரத்துக்குப் போனவர். பத்திரிகைகள் 'ஜாம்பவான்' என்றும் எழுதும். இராமாயணத்துக் கரடி வேந்தர் பெயர், நல்ல சொல். ஆனால் லெஜண்டின் மூலப்பொருள் வேறு.

லத்தீனில் 'லெகெண்டா' என்றால் வாசிக்கப்பட வேண்டியவை. இடைக்கால ஐரோப்பாவில் புனிதர்களின் திருநாளன்று அவர்களுடைய வாழ்க்கை வரலாற்றை வாசிப்பார்கள். அதற்கு இந்தப் பெயர். அவற்றில் அற்புதங்கள் நிறைய. அதனால் போகப்போக, வழிவழியாகச் சொல்லப்படும், உண்மைதானா என்று உறுதிசெய்ய முடியாத கதை என்ற பொருள் வந்தது. ஆளையே லெஜண்ட் என்பது அதற்கும் அப்புறம். (வரைபடத்தின் மூலையில் இருக்கும் குறிவிளக்கத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். அங்கே பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

இந்த இரண்டு பொருளுக்கும் நடுவே ஒரு கதையின் முடிவே மாட்டிக்கொண்டது. ரிச்சர்ட் மாதிசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல். கொள்ளைநோய் வந்து மற்றவர்கள் எல்லாம் ரத்தக் காட்டேரிகளாகிவிட்ட லாஸ் ஏஞ்சல்ஸில் ராபர்ட் நெவில் ஒருவன்தான் மிச்சம். பகலில் அவர்கள் தூங்கும் இடம் தேடிப்போய், நெஞ்சில் மரமுளை அடித்துக் கொல்கிறான். கடைசியில்தான் தெரிகிறது: நோயை அடக்கி வாழப் பழகி, புதிய சமூகம் அமைத்துவந்தவர்களையும் அவன் கொன்றிருக்கிறான். பிடிபட்டு, காயத்தோடு ஜன்னல் வழியே பார்க்கிறான். கீழே நிற்கும் கூட்டம் அவனைக் கண்டதும் அடங்கிப்போகிறது. முகமெல்லாம் பயம். இனி அந்த மக்களுக்குப் பூச்சாண்டி அவன்தான். தலைப்பு நாவலின் கடைசி வரியாக வருவது அங்கேதான்.

2007இல் வில் ஸ்மித் நடித்த படத்தில் நெவில் நியூயார்க்கில் இருக்கும் ராணுவ ஆய்வாளர். நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, அதை அன்னா என்ற பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கையெறி குண்டோடு உயிரைவிடுகிறார். மருந்து உயிர்பிழைத்தவர்களின் குடியிருப்புக்குப் போய்ச் சேர, 'இதுவே அவருடைய லெஜண்ட்' என்ற பொருளில் அன்னாவின் குரல் ஒலிக்கிறது. தலைப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. கொலைகாரன் என்று அஞ்சப்பட்டவன் இங்கே மீட்பர்.

படத்துக்கு இன்னொரு முடிவும் எடுத்திருந்தார்கள், டிவிடியில் வந்தது. சோதனைக்காகப் பிடித்துவைத்த நோயுற்ற பெண்ணை, அவளைத் தேடிவந்த இன்னொரு நோயாளியிடமே நெவில் திருப்பித் தருகிறார். தான் அவர்களுக்கு யார் என்று அப்போது அவருக்கு உறைக்கிறது. மாதிசனுக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான். திரையரங்கிலும் அதையே காட்டியிருக்க வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நாட்டார் வழக்காற்றியலில் 'பழமரபுக் கதை' என்பார்கள்; 'தொன்மம்' மித் என்பதற்குப் போய்விட்டது. நாவலின் கடைசி வரிக்கு நான் 'பழங்கதை'யைத்தான் எடுப்பேன். 'அதெல்லாம் பழங்கதை' என்று நாம் சொன்னால், முடிந்துபோனது என்றும் பொருள். நாவலின் முடிவில், உயிரைப் போக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாவுக்குக் காத்திருக்கும் கடைசி மனிதன் 'நான் பழங்கதை' என்றால் இரண்டு பொருளும் சேர்ந்தே ஒலிக்கும். படத்து நெவிலுக்கு அது ஒட்டாது. அவருக்குச் 'சகாப்தம்' பொருந்தும்.